கேட்ட கதைதானே!

ஆடி பிறந்துவிட்டது. திருநெல்வேலிச் சந்தையிலே காத்தோட்டிக்காய் வந்து குவியும் நாள் நெருங்குகின்றது. ஆண்டு முழுவதும் எவரும் ஏறெடுத்தும் பாராத அச்சிறு காய்க்கு ஆடி அமாவாசையை ஒட்டி மாத்திரம் ஏற்படும் கிராக்கியை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தந்தையை இழந்தோர் நோற்கும் விரதம் அது. தாயை இழந்தோர்க்குச் சித்திரா பூரணை. சிறு பராயத்திலே ஒரு முறை, அந்நாளில் எமது தந்தையார் குளித்து முழுகித் திருநீறணிந்து நிற்பதைக் கண்டு, "நானும் விரதம் பிடிக்கப் போறன்" என்று அடம்பிடித்தோம். அவர் எமது தலையைத் தடவி, "உது உனக்கில்லை ராசா. உனக்கு ஐயா இருக்கிறன்" என்றார்.

சென்ற மாசியில் அவருடைய ஆட்டைத் திவசம் நிறைவேறியது. எமது குடும்ப வழக்கப்படி இவ்வாடியே எமக்கு முதல் விரதம்.

எமது தந்தையார் ஊரறிந்த பெரியவரல்லர். இணுவிலுக்கு அண்மையிலே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, எட்டுப் பரப்புக் காணியில் புகையிலையும் வெங்காயமும் செய்து எம் நால்வரையும் ஆளாக்கிய ஒரு கமக்காரர். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். புகையிலைக் கன்றுக்கு நுனி கிள்ளிக் கெட்டு முறித்த கறை அவர் நகங்களை விட்டு முற்றாகப் போனதை நாம் கண்டதில்லை. தாம் விளைத்த புகையிலையிற் சுற்றிய சுருட்டைத் தாமே புகைத்து, "உலகத்திலை இதுக்கு மேலே என்ன இருக்கு" என்று சொல்லிக்கொள்வார். எழுபத்தாறாம் வயதில், மாசி மாதத்து ஒரு விடியற்காலையில், தாம் பிறந்த அதே வளவிலே கண்ணை மூடினார். நல்ல சாவு என்றனர் ஊரார். அவ்வாறு சொன்னவர்கள் ஆறுதலாகவே சொன்னார்கள். ஆயினும் அச்சொற்றொடரைப் பிள்ளைகளின் காதிற் படும்படி எவரும் சொல்லாதிருப்பது நன்று என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

மரணச் சடங்கு மனிதனை நினைக்க விடுவதில்லை. சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடியதும், பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றதும், அம்மா படலை மட்டும் வந்து அதற்கப்பால் வர வழக்கமில்லாமையால் அங்கேயே நின்றுவிட்டதும் எமக்கு நினைவிருக்கின்றன. மற்றவை புகைமூட்டம். பந்தற்காரனுக்கு எவ்வளவு, கதிரைகள் எத்தனை, கனடாவிலிருந்து தங்கை வந்து சேரும் மட்டும் பொறுப்பதா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தவர் எவரோ ஒருவர். அவர் நாமல்லர் போலவே தோன்றுகின்றது.

காடாற்று முடிந்த மறுநாள் எமது மாமனார் வந்து, "தம்பி, கல்வெட்டு நீதானே எழுத வேணும். வெளியிலை ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை" என்றார்.

கல்வெட்டு என்றதும் தமிழகத்து வாசகர்கள் கோயிற் சுவரை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்திலே அது அந்தியேட்டி நாளில் இறந்தவர்மீது பாடிப் படிக்கப்படும் செய்யுட்டொகுதி. விநாயகர் துதி, ஊர்ச் சிறப்பு, வமிசம், இல்லறம், மக்கட்பேறு, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், முடிவிலே தேற்றம் என்று அது செல்லும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி என்பவற்றை அடக்கிய திதி வெண்பாவே அதன் உயிர்நிலை. நாட்காட்டி வீட்டுக்கு வீடு தொங்காத காலத்தில், அவ்வெண்பாவை மனனம் செய்தவர் திவசத்தைத் தவறவிட இயலாது. முப்பத்தோராம் நாள் அதனை ஒருவர் சோக ராகத்துடன் படிக்க, பெண்கள் கூடியிருந்து அழுவார்கள். இன்று அது வர்ணப் படங்களும் தேவாரத் திரட்டும் சேர்ந்த நினைவு மலராகிவிட்டது. அத்தகைய மலர்களையும் 2005 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகத்தார் சேகரித்து வருகின்றனர். ஓர் ஊரின் சரித்திரத்தை எழுத முயல்வோர்க்கு அவை பெரிதும் பயன்படும்.

தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருப்பதால், அயலிலே எவர் இறந்தாலும் கல்வெட்டுக்கு எம்மையே தேடி வருவர். உள்ளதைச் சொல்வதானால், கொடையிற் கர்ணன், பொறுமையிற் தருமர், குணத்திற் குன்று என்று பெயரை மாத்திரம் மாற்றி நாம் பாடிக் கொடுத்தவை பல. வாழ்நாளில் ஒரு சதமும் ஈயாத ஒருவரைக் கர்ணனாக்கிய பாவமும் எமக்குண்டு. அவ்வளவு பேருக்கும் ஓடிய பேனா எமது தந்தையாருக்கு ஓடவில்லை. திதி வெண்பா ஓர் இரவில் முடிந்தது. அதற்கு மேல் ஓரடியும் வரவில்லை. புகையிலைக் கறை படிந்த விரல்களோடு சுருட்டுப் பிடித்திருந்த அந்த மனிதர், எந்தச் செய்யுளுக்குள்ளும் வந்து அமர மறுத்துவிட்டார்.

எட்டாம் நாள் இரவு அவருக்கு விருப்பமான பண்டங்களைச் சமைத்துப் படைத்தோம். ஒடியற் கூழ், பாற்பிட்டு, கத்தரிக்காய்ப் பொரிக்குழம்பு; வெற்றிலைத் தட்டத்துக்கு அருகே இரண்டு சுருட்டு. படையல் முடிந்து எல்லோரும் உண்டு அமர்ந்திருந்த வேளையில், பதினொரு வயதான எமது மகள் அருகில் வந்தாள்.

"அப்பா, அப்பப்பா இடம்பெயர்ந்த கதையைச் சொல்லுங்கோ. பாலம் மட்டும் எனக்குத் தெரியும். அதுக்குள்ளை ஒவ்வொரு நாளும் நித்திரையாய்ப் போயிடுவன். அங்காலை என்ன நடந்தது?"

நாம் வாயைத் திறந்தோம். எமக்குத் தெரியவில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30 ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அன்றிரவு இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையிலே, செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். நடந்தனர் என்று சொல்வதற்கில்லை. அடி வைக்க இடமின்றி நின்று நின்று அரக்கினர். அப்போது எமக்குப் பதினான்கு வயது. அம்மாவையும் எம் நால்வரையும் மாமனார் தமது லாண்ட் மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு முன்னரே புறப்பட்டுவிட்டார். தந்தையார் வரவில்லை. கொட்டிலிற் கட்டியிருந்த லட்சுமி என்னும் பசுவையும், அயல் வளவிலே தனித்திருந்த ஓர் ஆச்சியையும் விட்டுவர அவருக்கு மனமில்லை. பின்னேர மழையில் சயிக்கிளைப் பிடித்தபடி படலையில் நின்று, "நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று கையசைத்தார். மறுநாள் மாலையிற்றான் கொடிகாமத்தில் அவரை மீண்டும் கண்டோம்.

ஆகவே அவ்விரவின் கதை அவருடையது, நாம் கண்டதன்று. ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்கியதும் அதைச் சொல்லத் தொடங்குவார். மாட்டை அவிழ்த்து விட்டது. ஆச்சியைச் சயிக்கிள் கரியரில் இருத்தித் தமது இடுப்போடு சால்வையாற் பிணைத்தது. ஒழுங்கை முடிவதற்குள் ஆச்சி, "தம்பி, பாக்குவெட்டியை விட்டிட்டன்" என்றது. ஒரு பாக்குவெட்டிக்காகத் திரும்பிப் போனது. குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீரைச் சேர்த்துச் சனங்கள் குடித்தது. ஆச்சியின் குரலில் அவர் பேசிக் காட்டும்போது அம்மாவே சிரித்துவிடுவார்.

நாம் பட்டம் பெற்று ஆசிரியரான பின்னர் அக்கதை எமக்குச் சுருங்கிவிட்டது. வாசகர்களிடம் மறைத்துப் பயனில்லை. 2014 ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, உடன் கற்பிக்கும் நண்பர்கள் இருவர் எமது விறாந்தையில் அமர்ந்திருந்தனர். அம்மாதந்தான் புகையிரதம் இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் யாழ்ப்பாணம் வரத் தொடங்கியிருந்தது, அதைப்பற்றியே பேச்சு. மழை பிடித்துக்கொண்டது. தந்தையார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்டைக்கும் இப்பிடித்தான் மழை" என்று தொடங்கினார்.

"ஐயா, உதை நூறு தரம் சொல்லிப் போட்டியள். கேட்ட கதைதானே" என்றோம் நாம்.

கடிந்து சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னோம். அவரும் சிரித்தார். "ஓம் ஓம், கேட்ட கதைதானே" என்று சொல்லி, துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டிற் பக்கம் போனார். அதன் பின்னர் அவர் மறையும் மட்டும் அக்கதையை எமக்கு முன் எடுத்ததில்லை. பேத்திக்கு மாத்திரம் இரவில், விளக்கணைத்த பின், மெல்லிய குரலிற் சொல்லியிருக்கிறார் என்பது அவ்வெட்டாம் நாளிரவிலேதான் எமக்குத் தெரிய வந்தது.

மாணவர்க்கு, 'கேட்டல்' மொழித்திறன்களுள் முதலாவது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்றோம்.

துடக்கு நாட்களில் வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்வதற்கில்லை. வந்து போவோரிடமெல்லாம் நாம் விசாரிக்கத் தொடங்கினோம். அம்மாவைக் கேட்டால், பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வார். தம்பி இலண்டனிலிருந்து தொலைபேசியில், ஆச்சியைக் கைதடியிலே ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததாக ஐயா சொன்னார் என்றான். தங்கையோ, சாவகச்சேரி வரை கொண்டு வந்தவர் என்று சத்தியம் பண்ணினாள். லட்சுமியின் கழுத்தில் மணி இருந்தது என்றாள் அவள். இருக்கவில்லை என்றார் மாமனார். ஒரே கதையை ஒரே வாயிலிருந்து கேட்ட நால்வர், நான்கு கதைகளை வைத்திருந்தோம். துக்க வீட்டிலே எமக்குள் இதுபற்றிச் சிறு வாக்குவாதம் கூட எழுந்தது. அயலார் என்ன நினைத்தார்களோ அறியோம். ஆயினும் அந்நாட்களில் எம் வீட்டில் அவருடைய குரல் கேட்டது அவ்வாக்குவாதங்களிலேதான்.

இருபதாம் நாளளவிலே, தந்தையாரோடு கூட ஒரே கிணற்றில் துலா மிதித்த ஒரு முதியவர் வந்தார். மண்ணெண்ணெய் கிடையாத அந்த ஆண்டுகளில் இறைப்பு இயந்திரங்கள் ஓய்ந்துபோக, இருவரும் சேர்ந்து பழைய துலாவை மீண்டும் நிறுத்தித் தோட்டத்துக்கு இறைத்தவர்கள். அவ்விரவு தந்தையாரோடு கூட நடந்தவரும் அவரே. தேநீரைக் கொடுத்துவிட்டு, பாலத்துக்கப்பால் என்ன நடந்தது என்று கேட்டோம்.

"மட்டுவிலிலை ஆச்சியின்ரை பெறாமகள் ஒருத்தி இருந்தவ. அங்கை கொண்டுபோய் இறக்கினாங்கள். ஆச்சிக்குக் குடுக்க வேறை ஒண்டுமில்லை. இடுப்பிலை கிடந்த பாக்குவெட்டியை எடுத்து, 'இந்தா தம்பி, நீ வைச்சிரு' எண்டு கொய்யாவின்ரை கையிலை வைச்சவ. உதிலை கிடக்குது, அதுதான்."

அவர் காட்டிய திசையிலே, தந்தையாரின் வெற்றிலைத் தட்டத்துள், கைப்பிடி தேய்ந்த அந்தப் பாக்குவெட்டி கிடந்தது. முப்பது ஆண்டுகளாக எமது வீட்டிலே கிடந்த பொருள். அது எங்கிருந்து வந்தது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாட்டைப்பற்றிக் கொய்யா என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"அவிழ்த்து விட்டனான், அது போட்டுது எண்டு சொல்லுவார்."

"அது போகேல்லைத் தம்பி. ஒழுங்கை முகப்பு மட்டும் சயிக்கிளுக்குப் பின்னாலை வந்தது. றோட்டிலை சனம், மாட்டைக் கொண்டு போகேலாது. கலைச்சுப் பார்த்தான், போகேல்லை. கடைசியிலை வேலியிலை ஒரு பூவரசங்கம்பை முறிச்சு அடிச்சவன். ஒருநாளும் மாட்டுக்குக் கை ஓங்காத மனிசன். மூண்டு அடி. அதுக்குப் பிறகுதான் திரும்பிப் போனது. அந்தக் கம்பை எறியவும் மனமில்லாமல், முறிச்ச இடத்திலையே வேலிக்குள்ளை செருகிப் போட்டு வந்தவன்."

தந்தையார் கதை சொல்லும்போது, "அவிழ்த்து விட்டன்" என்ற இடத்தில் எப்போதும் சற்றே நிறுத்துவார். வெற்றிலையை மடித்து வாயிலிட்ட பின்னரே, "அது போட்டுது" என்பார். கதைக்குச் சுவையூட்டவே அவ்வாறு நிறுத்துகிறார் என்று நாம் கருதியிருந்தோம். 1996 சித்திரையில் நாம் ஊர் திரும்பியபோது வீட்டின் ஓடுகள் பாதி இருந்தன; கொட்டில் இருந்தது; லட்சுமி இல்லை. அதன் பின்னர் அவர் வேறு மாடுகள் வாங்கினார். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. அதற்கும் நாம் காரணம் தேடியதில்லை.

அன்றிரவே எமது பேனா ஓடிற்று. செய்யுளன்று, வசனம். கர்ணனுமில்லை, தருமருமில்லை, மழை, சயிக்கிள், ஆச்சி, பாக்குவெட்டி, பூவரசங்கம்பு. விடியுமுன் நான்கு பக்கங்கள் முடிந்தன. மாமனாரிடம் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தவர், "மாட்டுக்கு அடிச்ச கதையை மலரிலை போடுறதோ? நாலு பேர் பார்க்கிற புத்தகம்" என்றார். அவரைப் பழமைவாதி என்று எண்ணிக்கொண்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

கொடிகாமத்தில் வந்து சேர்ந்த அன்றிரவே அவரிடம் சொல்லி அழுதிருக்கிறார் தந்தையார். "பிள்ளையளுக்குச் சொல்லாதை. அதுகள் லட்சுமியோடை விளையாடின பிள்ளையள்" என்று கேட்டுக்கொண்டாராம். முப்பது ஆண்டுகளாக அம்மா அதைக் காத்திருக்கிறார். கதை சொல்லப்பட்ட ஒவ்வொரு மழை நாளிலும், அந்த நிறுத்தம் வரும்போது, வெற்றிலைத் தட்டத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தவர் அம்மாவே என்பது அப்போதுதான் எம் நினைவுக்கு வந்தது.

"அவர் சொல்லாததை நீ ஏன் சொல்லுறாய்?" என்று கேட்டார் அம்மா. எம்மிடம் விடையில்லை. மலரிலே திதி வெண்பாவும், தேவாரங்களும், ஒரு படமும், கதையிற் பூவரசங்கம்பு நீங்கிய பகுதியும் அச்சாயின.

அந்தியேட்டி கீரிமலையிலே நடைபெற்றது. அது தந்தையாரின் விருப்பம். 1990 இன் பின் பல ஆண்டுகள் அப்பக்கம் எவரும் செல்ல இயலாதிருந்தது; அவருடைய தாயாரின் அந்தியேட்டியை வேறொரு கரையில் முடிக்க நேர்ந்ததை ஒரு குறையாகவே அவர் சொல்லி வந்தார். கிரியை முடித்து, அஸ்தியைக் கடலிற் கரைத்து, கேணியிலே மூழ்கி எழுந்தோம். கடலை ஒட்டியிருந்தும் உவர்ப்பில்லாத அந்த நீரின் குளிர்ச்சி, சிறு வயதில் அவர் எம்மைத் தோளிலேற்றி இறங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது. அன்றைய அழுகையை இங்கே விரித்தெழுத விருப்பமில்லை.

சென்ற ஐப்பசியில், மழை தொடங்கிய முதல் வாரத்தில், கனடாவிலிருந்து தங்கையின் சிறுவன் வந்திருந்தான். மின்சாரம் நின்றிருந்த ஓர் இரவு, எமது மகள் அவனை அருகில் இருத்திக்கொண்டு கதை சொல்லக் கேட்டோம். "அப்பப்பா கொட்டிலுக்குப் போய் லட்சுமியை அவிழ்த்து விட்டவர்" என்றாள். அவ்விடத்தில் நிறுத்தினாள். வெற்றிலை போடுவது போல வாயை அசைத்தாள். பின்னர், "அது போட்டுது" என்றாள். பேரன் சிரித்தான். இருளில் அம்மா இருந்த பக்கம் ஓசையில்லை. எமக்கு எழுந்து போய் மகளிடம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. கதையை முடிவு வரை இருந்து கேட்டோம்.

ஆட்டைத் திவசம் முடிந்து உறவினரெல்லாம் போன பின், அம்மா தாமாகவே எம்மை அழைத்தார். "அண்டைக்கு வாசிச்சியே, நாலு பக்கம், வைச்சிருக்கிறியோ?" என்றார். இருக்கிறது என்றோம். "இனிப் பேப்பருக்குக் குடுக்கிறதெண்டால் குடு. பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள்" என்றார். மாட்டைப்பற்றியதையும் சேர்த்தா என்று கேட்டோம். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, "சேர்த்துத்தான்" என்றார்.

பின்னர், தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே, "ஆச்சி இதைக் கேட்டுத் திரும்பிப் போகச் சொன்ன இடத்தை நீ சுருக்கிப் போட்டாய். அவர் அதை எவ்வளவு நேரம் சொல்லுவார்! அதை வடிவா எழுது" என்றார்.